பூனை என்று எழுதியது யார்?

அத்தியாயம் 5

செருப்பு என் தோளில் வந்து விழுந்தபோது நான் ஆஸ்பத்திரி கேட்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

ஒற்றைச் செருப்பு. வலது கால். நல்ல தோல்தான், ஜோடியாக வீசியிருந்தால் மாட்டிக்கொண்டு போயிருப்பேன். "ஆள் மாறிப் போச்சுங்க, நான் டாக்டர் இல்ல" என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர்கள் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள், அல்லது அவர்கள் வீட்டு ஆட்கள். தங்கள் உடம்புக்கு என்ன என்பது டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தவர்கள். சில வாரங்களாக முகம் தெரியாத ஒருவன் அவர்களுக்குப் போன் போட்டு, உன் ரகசியம் என் கையில் இருக்கிறது என்று மிரட்டுகிறான். மசிய மறுத்த ஒரு டீச்சர் எந்த நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பது, அவர் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களின் போன்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. டீச்சர் அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய கணவர்தான் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். செருப்பு அவருடையதாக இருந்திருந்தாலும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

"செருப்படி வாங்கிட்டேன் மேடம்."

"ரசீது கேக்கப் போறியா? நட."

இதுதான் என் முதலாளி. தொழில் துப்பறிவது. அவரை எல்லாரும் கொக்கி என்பார்கள். யாருடைய பேச்சிலாவது ஒரு வார்த்தை இடித்தால் போதும், அதில் மாட்டிக்கொண்டு தொங்குவார், உதறினாலும் விடமாட்டார். என் பெயர் வாலு. அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

படியேறும்போது அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் 'பூனை' என்று ஒளிர்ந்தது. பூனை என்பது அவருடைய சொந்த அண்ணன். பிறவியிலேயே பச்சைக் கண். நடக்கப் பழகும் முன்பே தங்கை வைத்த பெயர்.

"காலையிலேருந்து கூப்பிட்டுட்டே இருக்கார். எடுத்துப் பேசுங்களேன்."

"எடுத்தா அழுவான். அழறவன்கிட்ட பேசிட்டு எனக்கு யோசிக்க வராது."

அவர் அழுவதற்குக் காரணம் இருந்தது. நோயாளிகளின் ரகசியத்தைத் திருடியதாக இந்த ஆஸ்பத்திரி கைகாட்டியிருப்பது இங்கேயே கம்ப்யூட்டர் கண்காணிப்பு வேலையில் இருக்கும் அவருடைய மனைவியை. அதாவது கொக்கியின் அண்ணியை. கல்யாணம் நடந்த நாளிலிருந்து நாத்தனாரும் அண்ணியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை.

*

அலாரம் அறை என்று அதற்குப் பெயர். ஜன்னலே கிடையாது. குளிர்பதனப் பெட்டிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது. சுவர் முழுக்கத் திரைகள், அவற்றில் ஏதேதோ வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நான்கு பேர். நாலு பேருமே எங்களை முறைத்தார்கள் என்று எழுத ஆசைதான். மூன்று பேர் முறைத்தார்கள்.

"மத்தியானம் வரைக்கும்தான் டைம்" என்றார் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரியின் தலைவர் அவர்தான். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. "அதுக்கப்புறம் போலீஸ். ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியும். எப்படிச் செஞ்சாங்கன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. துப்பறியறவங்களைக் கூப்பிடறதுல எனக்கு இஷ்டமே இல்ல. இவர் வற்புறுத்தினார், கூப்பிட்டேன்."

இவர் என்று அவர் காட்டியது கம்பெனிக்காரரை. இந்த அலாரம் மென்பொருளை ஆஸ்பத்திரிக்கு விற்ற கம்பெனியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வந்து சரிபார்த்துவிட்டுப் போகிறவர். மூலையில் ஒரு மேஜை, அதில் மூடியபடி அவருடைய லேப்டாப், அவர் வராத நாளிலும் அது அங்கேயே கிடக்குமாம். அவர் எழுந்து எங்களுக்கு நாற்காலி நகர்த்திப் போட்டார். "டீ சாப்பிடறீங்களா மேடம்?" என்று கேட்டார். முறைக்காத அந்த நாலாவது ஆள் இவர்தான். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது.

"டீ எல்லாம் அப்புறம்" என்று குறுக்கே விழுந்தார் அறையின் பொறுப்பாளர். இவரை எல்லாரும் மீசை என்றார்கள். முகத்தில் மீசை இல்லை. எப்போதோ எடுத்துவிட்டாராம், பெயர் மட்டும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. "வந்த வேலையைப் பாருங்க. குற்றவாளி அதோ உக்காந்திருக்கு."

குற்றவாளி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. அழுத முகம் இல்லை, அடிக்கத் தயாரான முகம். கொக்கியைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இவளையா கூப்பிட்டீங்க?" அண்ணியின் குரல் அறையை வெட்டியது. "அதுக்கு போலீசையே கூப்பிட்டிருக்கலாம். அவங்களாவது என்னை உள்ள வெச்சிட்டு அப்புறம் விசாரிப்பாங்க. இவ எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் வாசப்படியே மிதிப்பா."

"உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" பெரிய டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"பழக்கமா? என் நாத்தனார் சார் இவ! கல்யாணம் பேசினப்ப மத்தவங்க எல்லாம் பொண்ணு பாக்க வந்தாங்க. இவ எங்க வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பாக்க வந்தா. எங்க வேலை பாத்தேன், யார் கூடப் பேசினேன், தூக்கிப் போட்ட காகிதத்துல என்ன எழுதியிருந்தேன்னு தோண்டித் துருவி..."

இது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் நடந்த கதை. பூனை அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். குப்பைத்தொட்டி விஷயம் கல்யாண மண்டபத்தில்தான் வெளியே வந்தது. அங்கேயும் சும்மா இருக்காமல் கொக்கி, பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளையை "டேய் பூனை" என்று கூப்பிட்டிருக்கிறார். மணப்பெண் மாலையும் கழுத்துமாகத் திரும்பி, இனிமேல் என் புருஷனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வாய் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னபடி இன்றுவரை நிற்கிறது.

கொக்கி அசையவில்லை. "அவங்க என்னைத் திட்டறதுக்கு நிறைய இருக்கு, பிறகு திட்டட்டும். நீங்க சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

மீசை வேண்டாவெறுப்பாக ஒரு திரையைக் காட்டினார்.

"யாராவது கை வைக்கக் கூடாத எடத்துல கை வெச்சா இதுல செவப்பா ஒரு வரி வரும். இங்க உக்காந்திருக்கறவங்க அதைப் போய்ப் பாக்கணும். பாத்துட்டுக் காரணம் எழுதி மூடணும். நிஜமாவே திருட்டுன்னா 'திருடன்'. சும்மா வந்த அலாரம்னா 'பூனை'."

"பூனையா?" என்றேன்.

"வீட்ல ராத்திரி பாத்திரம் உருண்டா என்ன சொல்லுவீங்க? பூனைதான், பேசாம படுன்னு சொல்ல மாட்டீங்க? அதேதான்."

கொக்கியின் கண் ஒரு கணம் அண்ணியின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. கொக்கி எதிலோ மாட்டிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எதில் என்று புரியவில்லை.

"ஸ்கேன் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு" என்று தொடர்ந்தார் மீசை. "அது அடிக்கடி நோயாளிங்க ஃபைல் இருக்கற பக்கம் போய் எட்டிப் பாக்கும். செவப்பு வரி வரும். ஓடிப் போய்ப் பாப்போம். ஒண்ணும் இருக்காது. கிருமி ஏதாவது புகுந்திருக்கான்னு துடைச்சுத் துடைச்சுப் பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. இதே கதை தினமும். எல்லாருக்கும் அலுத்துப் போச்சு. அப்பதான் ஒரு நாள் ஒரு விதியை உள்ள எழுதிட்டாங்க. ஸ்கேன் ரூம்லேருந்து வந்தா அலாரம் அடிக்க வேண்டாம், தானாவே மூடிக்கட்டும்னு. காரணம் என்ன தெரியுமா? 'பூனை. கவனிக்க வேண்டாம்.' அதோட செவப்பு வரி நின்னு போச்சு. சாம்பல் கலர்ல ஓரமா ஒரு வரி வரும், யார் பாக்கப் போறாங்க? அந்த வழியாத்தான் கொஞ்சம் கொஞ்சமா எல்லா ஃபைலும் வெளிய போயிருக்கு. மொத்தமா அள்ளினா எங்க கண்ணுல பட்டிருக்கும். எலி மாதிரி கொறிச்சிருக்கு."

"பூனையா எலியா, ஒரு முடிவுக்கு வாங்க சார்" என்றேன். மீசை என்னைப் பார்த்த பார்வையில் டீ இருந்திருந்தால் ஆறாமல் இருந்திருக்கும்.

"விதியை எழுதினது யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் கொக்கி.

"என் பேர்ல" என்றார் அண்ணி. "நான் எழுதல. இதைக் காலையிலேருந்து சொல்றேன். சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதாவது திரும்பச் சொல்லியிருக்கும்."

"ஸ்கேன் ரூமைப் பாக்கணும்" என்று எழுந்தார் கொக்கி.

*

"செருப்பைக் கழட்டிட்டு வா!"

ஸ்கேன் டெக்னீஷியன் எங்களை வரவேற்ற விதம் இது. நான் என் தோளைக் காட்டி, "ஒண்ணை ஏற்கெனவே வாசல்ல கழட்டி வாங்கிட்டேன்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை, பிடிக்கவும் இல்லை.

"எல்லாரும் வந்து என் மெஷினைத்தான் திருடன்னு சொல்றாங்க. நாள் தவறாம துடைக்கிறேன். ஒரு தூசி காட்டுங்க பாப்போம்! இதைத் தொடற உரிமை எனக்கு மட்டும்தான். நான் எழுந்து போனா மொத்தமா அணைச்சிட்டுத்தான் போவேன். டீக்குப் போனாலும் சரி, சாப்பிடப் போனாலும் சரி."

கொக்கி நின்றார். "அணைச்சிட்டுன்னா திரையை மட்டுமா?"

"மொத்தமான்னு சொன்னேன். காது கேக்காதா?"

"நல்லாவே கேக்குது." கொக்கியின் குரலில் தேன் வடிந்தது, அப்படி வடிந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம். அவர் மீசைக்குப் போன் போட்டார். "அந்த சாம்பல் வரி எல்லாம் எந்த நேரத்துல வருது? ஒரு கண்ணு பாத்துச் சொல்லுங்க... டீ நேரம், சாப்பாட்டு நேரம்... ஆமா, நீங்க சொல்றது சரி, கண்காணிப்பு கம்மியா இருக்கற நேரமாப் பாத்து அண்ணி செஞ்சிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க. வெச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு டெக்னீஷியனிடம் திரும்பினார்.

"உங்க மெஷினுக்கு இருக்கற கெட்ட பேரை இன்னிக்கே எடுத்துடலாமா?"

அந்த மனிதர் அப்போதுதான் முதல்முறையாக முறைப்பதை நிறுத்தினார். கொக்கி அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார், பிறகு தன் போனைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும், "என்கிட்டயும் சொல்லலாமே, நான் சம்பளம் வாங்கற ஆளுதான்" என்றேன்.

"உன் மூஞ்சியில ஒரு ரகசியமும் தங்காது. நீ சும்மா வந்து அந்த லேப்டாப் மேஜை பக்கமா நில்லு. அது போதும்."

*

நாங்கள் திரும்பியபோது அலாரம் அறையில் யாரும் இடம் மாறியிருக்கவில்லை. கம்பெனிக்காரர் மட்டும் வெளியே டீ வாங்கப் போயிருந்தார். இந்த நிலைமையிலும் எல்லாருக்கும் டீ! எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

கொக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். முட்டிக்கு முட்டி இடித்தது.

"அண்ணி, பொய் அலாரம் வந்தா நீங்க என்ன எழுதி மூடுவீங்க?"

"உனக்கெதுக்கு?"

"சொல்லுங்க."

அண்ணியின் தாடை இறுகியது. "காத்து."

"என்னது?"

"காத்துன்னு எழுதுவேன். காத்துல பாத்திரம் உருளாதா?"

மீசை வெடித்தார். "அதைக் கேளுங்கம்மா! தினமும் எனக்கும் இவங்களுக்கும் இதுதான் சண்டை. எல்லாரும் பூனைன்னு எழுதறப்ப இவங்களுக்கு மட்டும் என்ன காத்து? சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. கடைசியில சாயங்காலம் நானே உக்காந்து ஒவ்வொரு காத்தையும் பூனையா மாத்தி டாக்டருக்கும் கம்பெனிக்கும் மேல அனுப்பறேன். தலையெழுத்து!"

"ஏன் பூனைன்னு எழுத மாட்டீங்க அண்ணி?"

அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. அவருடைய புருஷனின் பெயர் அது. மரியாதை இல்லாத பெயர், மண்டபத்தில் நாத்தனார் வாயிலிருந்து விழுந்த பெயர். பாத்திரத்தை உருட்டுகிற உபத்திரவத்துக்கெல்லாம் அந்தப் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. இதை அந்த அறையில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், அந்தப் பெயரை வைத்தவர்தான்.

கொக்கி எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கம்பெனிக்காரர் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் டீத் தட்டு.

"டாக்டர், போலீசை வரச் சொல்லுங்க. திருடன் கிடைச்சாச்சு."

"தெரியும்டி!" அண்ணி நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார். "நீ இதைத்தான் சொல்லுவேன்னு தெரியும். நல்லா இரு! உங்கண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு, அந்த தைரியமாவது இருக்கா பாப்போம்!"

"கொஞ்சம் உக்காருங்க அண்ணி."

"உக்கார மாட்டேன்!"

"சரி, நில்லுங்க." கொக்கி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "விதியில எழுதியிருந்தது பூனை. இவங்க ஒரு நாளும் அந்த வார்த்தையை எழுதினது கிடையாது. அப்ப இவங்க பேர்ல வேற யாரோ எழுதியிருக்காங்க. யாரு? இவரா?"

மீசையின் கை தானாக, இல்லாத மீசையைத் தடவியது.

"இவர் இல்ல. ஒவ்வொரு காத்தா பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டவர் இவர். இந்தம்மா பேர்ல திருட்டுத்தனமா எழுதணும்னா, மொதல்ல காத்துன்னுதான் எழுதியிருப்பார். நீங்க எங்க அண்ணியை இவ்வளவு வெறுக்காம இருந்திருந்தா சார், இன்னிக்கு நீங்களும் மாட்டியிருப்பீங்க."

"அப்படின்னா?" என்றார் பெரிய டாக்டர்.

"அப்படின்னா எழுதினவன் காத்தைப் பாக்காதவன். மாத்தி மேல அனுப்பினதை மட்டும் பாத்தவன். அதுல எல்லார் பேருக்கும் நேரா பூனைதான் இருக்கும். அதைப் பாக்கறவங்க ரெண்டே பேர். ஒண்ணு நீங்க..."

"ஜாக்கிரதையாப் பேசு!" பெரிய டாக்டர் மேஜையில் அறைந்தார். டீ கிளாஸ்கள் கம்பெனிக்காரரின் தட்டில் கிணுகிணுத்தன.

கொக்கி அதற்குள் பைக்குள் கையை விட்டுப் போனில் எதையோ அழுத்தியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கூரையைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. ஸ்கேன் டெக்னீஷியன் மூச்சிரைக்க நின்றார். கையில் ஒரு நீலக் கேபிள், பிடுங்கிய பல்லைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மெஷினை அணைச்சு, இதையும் பிடுங்கிட்டேன். போதுமாம்மா? என் மெஷின் இப்ப யார்கிட்டயும் பேச முடியாது!"

"நன்றிங்க. இப்ப எல்லாரும் திரையைப் பாருங்க."

பார்த்தோம். ஓரத்தில், சாம்பல் நிறத்தில், ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

ஸ்கேன் அறை. மூடப்பட்டது. பூனை. கவனிக்க வேண்டாம்.

அதன் கீழே இன்னொரு வரி வந்தது. பிறகு இன்னொன்று.

"கேபிள் இவர் கையில இருக்கு" என்றேன். எனக்கே என் குரல் கீச்சென்று கேட்டது. "அப்புறம் எங்கேருந்துங்க வருது?"

"ஸ்கேன் ரூம் கம்ப்யூட்டர் ஒரு நாளும் திருடல" என்றார் கொக்கி. "அது அணைஞ்சு கிடக்கற நேரமாப் பாத்து, அதோட பேரை மாட்டிக்கிட்டு வேற ஒண்ணு உள்ள போகுது. அதனாலதான் எவ்வளவு துடைச்சும் அதுல ஒண்ணும் கிடைக்கல. மெஷின் தூங்கினா திருட்டு தானா ஆரம்பிக்கும், முழிச்சா தானா நின்னுடும். யாரும் பட்டன் தட்ட வேண்டியதில்ல. ரொம்பக் கெட்டிக்காரத்தனம். டீ நேரம் வர்றதுக்குள்ள இதை அணைச்சு எடுத்துட்டுக் கிளம்பிடலாம்னு அவர் கணக்குப் போட்டிருப்பார். நேரம் கெட்ட நேரத்துல மெஷினைத் தூங்க வெப்போம்னு எதிர்பாக்கல."

மூலை மேஜையில், மூடிய லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய கேபிள் சுவருக்குள் போயிருந்தது.

கம்பெனிக்காரர் ஓடியிருப்பார். ஆனால் இரண்டு கையிலும் டீ. தட்டை எங்கே வைப்பது என்று ஒரு நொடி தேடினார் பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன நல்ல பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. அதற்குள் நான் லேப்டாப்பின் மேல் என் முழு எடையையும் வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"நிதானம் சார். சூடா இருக்கு, கொட்டிடப் போகுது."

"மென்பொருளை வித்தவரால யார் பேர்ல வேணும்னாலும் விதி எழுத முடியும். என்னைக் கூப்பிடச் சொன்னதும் நீங்கதானே?" கொக்கி அவரை நெருங்கினார். "காலையில படியேறும்போதே அது இடிச்சுது. ஊர்ல எத்தனையோ பேர் இருக்கறப்ப, குற்றவாளியோட நாத்தனாரைப் போய் யார் கூப்பிடுவாங்க? டாக்டருக்கு எங்க உறவே தெரியாது. உங்களுக்குத் தெரியும். எங்க அண்ணி டீ குடிச்சுக்கிட்டே உங்ககிட்ட என்னைத் திட்டியிருப்பாங்க."

அண்ணியின் வாய் திறந்து மூடியது. "நல்லவன்னு நெனச்சு எல்லாத்தையும் சொன்னேனே..."

இவ்வளவு நேரமும் கம்பெனிக்காரர் முகத்தில் இருந்த புன்னகை, சட்டையைக் கழற்றியதுபோல ஒரே இழுப்பில் போய்விட்டது. கீழே இருந்த முகத்தை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"உனக்கு இவளைக் கண்டாலே ஆகாதுன்னு சொன்னா" என்றார் கொக்கியிடம். "பேரைப் பாத்ததும் கண்ணை மூடிக்கிட்டு எழுதிக் கொடுத்துடுவேன்னு நெனச்சேன். எழுதியிருக்கலாமே? உனக்கென்ன நஷ்டம்?"

கொக்கி அவர் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டார். "டாக்டர், நான் சொன்ன போலீஸ் இவருக்குத்தான்."

*

இப்படிப்பட்ட நேரத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் மனிதர்களுடைய வழக்கம். பெரிய டாக்டர், "சரி, நீங்க வேலைக்கு வரலாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மீசை தொண்டையைச் செருமி, "காத்துன்னே எழுதிக்கங்க" என்றார். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கொக்கி பின்னாலேயே போனார். நான் அதற்கும் பின்னால்.

மாடிப்படித் திருப்பத்தில் அண்ணி நின்றார். திரும்பவில்லை.

"நான் செய்யலன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து போன் வந்தப்பவே."

"எப்படி?"

"அன்னிக்குத்தான் உங்களைத் தோண்டித் துருவினேனே. ஒரு பொய், ஒரு கெட்ட காரியம், எதுவும் இல்ல. நான் விசாரிச்சதுலேயே அப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல."

அண்ணி திரும்பினார். காலையிலிருந்து வராத அழுகை இப்போதுதான் வந்தது.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா? அத்தைகிட்ட? மாமாகிட்ட? என்கிட்ட? நீ குப்பையைக் கிளறினது உங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். என்னமோ இருக்கப் போய்த்தான் கிளறினான்னு இன்னிக்கும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. ஒண்ணும் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாயில இருந்த முத்து கொட்டிப் போயிருக்குமா?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். எனக்கு என் முதலாளி மேல் கோபமாக வந்தது.

வெளியே கூட்டம் இன்னும் நின்றிருந்தது. மேலே நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. காலையில் கசிந்திருந்த பெயர் மட்டும் தெரியும். அண்ணியின் தலை தெரிந்ததும், "அதோ, அவதான்!" என்று ஒரு குரல். கூட்டம் கேட்டை நோக்கிப் பொங்கியது.

கொக்கி இரண்டே எட்டில் அண்ணியைத் தாண்டி முன்னால் போய் நின்றுகொண்டார்.

"தள்ளிப் போ" என்றார் அண்ணி.

"போக மாட்டேன்."

"உன் தயவு எனக்கு வேண்டாம். தள்ளுன்னு சொன்னேன்!"

"எல்லாரும் கேளுங்க!" கொக்கி தொண்டை கிழியக் கத்தினார். "இவங்க திருடல! ஏழு வருஷத்துக்கு முன்னாடியே விசாரிச்சவ நான் சொல்றேன், இவங்க மேல ஒரு தப்பும் இல்ல! அதை அன்னிக்கே சொல்லாதது என் தப்பு!"

பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது. அங்கிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து கொக்கியின் நெற்றியில் பட்டது. அவர் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். புருவத்துக்கு மேலே ரத்தம் எட்டிப் பார்த்தது.

அடுத்து நடந்ததற்கு நான் தயாராக இல்லை. கைப்பை ஒரு பக்கம் பறந்தது. அண்ணி கேட்டின் கம்பியைப் பிடித்து ஏறி நின்று, அத்தனை பேர் சத்தத்துக்கும் மேலே கத்தினார்.

"எவன்டா அது? எங்க வீட்டுப் பொண்ணு மேல கை வெச்சது எவன்டா?"

கூட்டம் அடங்கிவிட்டது. நான் குனிந்து செருப்பை எடுத்தேன். நல்ல தோல், இடது கால்.